இன்று போ உண்டு

சென்னையில் ஒரு கிண்ணம் அறுநூற்றைம்பது ரூபாய்.
மேலே ஒரு பூ வைத்திருந்தார்கள்.
தின்பதற்கா சூடுவதற்கா என்று
பரிமாறிய பையனுக்கும் தெரியவில்லை.
பாண்டிச்சேரியில் பரவாயில்லை.
ஆனாலும் சாறு அப்போதுதான் தூங்கி எழுந்தது போலிருந்தது,
போக வர ஒரு ராத்திரி ஒரு பகல் வேறு.
சைகோனில் ஆறு வருடம்
மீன் கம்பெனிக் குளிர்ப்பெட்டிகளைப் பழுது பார்த்தவனுக்கு
நாக்கில் ஒரு பழுது தங்கிவிட்டது.
மண்டபம் திரும்பி ஒன்பது வருடம்
அதைப் பார்க்க ஆளில்லை.

அப்புறம் வேதாளையில்,
இறால் குடோனில் கம்ப்ரசர் நின்றுபோய்
உச்சிவெயிலில் கூரைமேல் உட்கார்ந்திருந்தபோது
காற்று திரும்பியது.
கிராம்பு. பட்டை. அன்னாசிப்பூ.
பிரியாணி என்றுதான் நினைத்தேன்,
யார் வீட்டுக் கல்யாணம் என்று கீழே கேட்கவும் செய்தேன்.
ஆனால் அதற்குப் பின்னாலேயே
சுட்ட இஞ்சி வந்தது,
தோல் கரியச் சுட்ட வெங்காயம் வந்தது.
பிரியாணிக்கு யார் வெங்காயத்தைச் சுடுவார்கள்?
ஸ்பானரைக் கூரையிலேயே போட்டுவிட்டு இறங்கினேன்.
(இருபது பெட்டி இறால் கெட்டதாம்.
முதலாளி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.)

மூன்றாவது சந்து. நீலக் கதவு.
தொங்கும் சிலேட்டில் சாக்கட்டி எழுத்து:
இன்று போ உண்டு.
அதற்கு அடியில் தெருப்பிள்ளைகளின் கை:
வா இல்லையா?

ஹுவோங் அவள் பெயர். மணம் என்று பொருள்.
கப்பல் எஞ்சின் பார்க்கும் சீனி இபுராம்சாவைக் கட்டிக்கொண்டு
ஹைபோங்கிலிருந்து வந்தவள்.
கொல்லையில் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டு,
உள்ளே நெத்திலி, உப்பு, பத்து மாத வெயில்.
நாற்றம் தாங்கவில்லை என்று
தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறது.
விசாரிக்க வந்த வார்டு மெம்பர்
ஒரு சொட்டு தொட்டு நக்கிவிட்டு
அரைப் புட்டி வாங்கிப் போனாராம்.
நாற்றம் என்றாலே நறுமணம்தான் முன்னொரு காலத்தில்.
தமிழுக்கு அப்போது மூக்கு வேறு.

கிண்ணம் வந்தது.
துணியில் மாவை ஊற்றி அவித்து
நாடா நாடாவாக அரிந்த அரிசி.
விடிய விடிய எலும்பு கொதித்தும்
அடியில் வரைந்த மீன் தெரியும்படித் தெளிந்த சாறு.
முதல் மிடறில் கண்ணை மூடினேன்.
இரண்டாவதில் திறந்தேன்.

இனிப்பைக் காணோமே என்றேன்
என் ஓட்டை வியட்நாமியில்.
முளைப்பயறு எங்கே? பச்சிலை எங்கே?
அவள் வேதாளைத் தமிழில் சொன்னாள்:
"நீங்க குடிச்சது தெக்கத்திப் போ.
அவுக எல்லாத்துலயும் சீனி போடுவாக.
இது வடக்கத்திப் போ.
சீனி எனக்கு வீட்டுல ஒண்ணு போதும்.
ஏன் ஐஸ்காரரே,
வடகடல் நெத்திலியும் தென்கடல் நெத்திலியும் ஒண்ணுதான்னு
பாம்பன்ல போய்ச் சொல்லிப் பாருங்களேன்."

சொல்ல முடியாது.
அதைச் சொல்லிப் பல் போனவன் ஒருவனை எனக்குத் தெரியும்.

ஒன்பது வருடமாகத் தேடியது இதுவல்ல.
கிண்ணத்தைச் சாய்த்து
அந்த மீன் தனியாகக் கிடக்கும்வரை குடித்தேன்.
தொண்ணூறு ரூபாய்.

இப்போது வெள்ளிதோறும் ஏழு கிலோமீட்டர்.
மனைவி வளர்க்கும் தொட்டியில்
திருநீற்றுப்பச்சிலை இரண்டு கொழுந்து கிள்ளிச்
சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.
அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பும்போது
போட்டு அமுக்கிவிடுவேன்.
முதுகில் கண் இல்லாதவள் போலத்தான்
அவளும் நெடுநேரம் திரும்பி நிற்பாள்.

போன வாரம் என் மேசையில்
சின்னக் கிண்ணியில் சீனி இருந்தது.
யாருக்கு என்றேன்.
எறும்புக்கு என்றாள்.